பிரைமரி: சொல்லும் அதற்கு ஏற்ற தமிழும்

ஒரு கட்சியின் சார்பில் பொதுத்தேர்தலில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யாமல், வாக்காளர்களே வாக்குச்சாவடிக்குச் சென்று முடிவு செய்யும் தேர்தலை அமெரிக்காவில் 'பிரைமரி' என்கிறார்கள். இலத்தீனில் முதல் என்று பொருள்படும் 'பிரீமுஸ்' என்ற சொல்லின் வழியில் பிறந்த 'பிரீமாரியுஸ்' இதன் வேர். அந்த வேருக்குத் தலையாயது என்ற பொருளும் உண்டு. எனினும், தேர்தல் வழக்கில் இச்சொல் வரிசையில் முந்தி வருவது என்ற பொருளையே தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே வேட்பாளர்களைக் கட்சி மாநாடுகளே தீர்மானித்தன. மாநாட்டுப் பிரதிநிதிகளைக் கைக்குள் வைத்திருந்த பெரும்புள்ளிகள் வைத்ததே சட்டம். 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் விஸ்கான்சின் மாநில ஆளுநர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்று மாநாட்டில் தோற்ற ராபர்ட் லா ஃபாலெட், பின்னர் ஆளுநரானதும் இந்த முறையையே மாற்ற முனைந்தார். அவர் முயற்சியால் 1903இல் இயற்றப்பட்ட நேரடி பிரைமரிச் சட்டத்தை 1904இல் விஸ்கான்சின் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றனர். அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதே வழியில் சென்றன.

தமிழ்ச் செய்திகளில் இதனை 'முதன்மைத் தேர்தல்' என்று எழுதுவது தவறான பொருளைத் தருகிறது. முதன்மையான தேர்தல் நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலே. 'முதற்கட்டத் தேர்தல்' என்றால், பல கட்டங்களாக வாக்குப்பதிவு நடக்கும் நாட்டில் வாழும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. 'உட்கட்சித் தேர்தல்' என்பதோ நம் வழக்கில் கிளைச் செயலாளர் முதல் தலைவர் வரையிலான கட்சிப் பொறுப்புகளுக்கு நடப்பது. விருப்ப மனு கொடுத்து, நேர்காணலுக்குச் சென்று, தலைமை வெளியிடும் பட்டியலுக்காகக் காத்திருக்கும் முறைக்குப் பழகிய தமிழ் வாசகருக்கு, 'வேட்பாளர் தெரிவுத் தேர்தல்' என்று சொன்னால்தான் நடப்பது இன்னதென்று உடனே விளங்கும். சொல் சற்று நீளமானதுதான். ஆயினும் பொருள் பிழைபடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இப்பெயர்ச்சொல் அண்மைக் காலத்தில் வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. பதவியிலிருக்கும் ஒருவரை அவருடைய கட்சிக்காரரே தெரிவுத் தேர்தலில் எதிர்த்து நிற்பதை 'பிரைமரி செய்வது' என்கிறார்கள். இந்தியானா மாநிலத்தில் 2012இல் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. 1977 முதல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவை (செனட்) உறுப்பினராக இருந்த குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் லூகர், சிதறிய சோவியத் ஒன்றியத்தின் அணு ஆயுதங்களை அகற்ற உதவிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சனநாயகக் கட்சியின் சாம் நன்னுடன் சேர்ந்து கொண்டுவந்தவர். மாற்றுக் கட்சியினருடன் இவ்வாறு இணைந்து பணியாற்றியதும், ஒபாமா முன்மொழிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆதரவாக வாக்களித்ததும் அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளாயின. அவர் 1977இலேயே விற்றுவிட்ட வீட்டின் முகவரியில் வாக்காளராகத் தொடர்ந்ததும் அந்த ஆண்டு மார்ச்சில் சிக்கலாகி, அந்த முகவரியில் அவர் வாக்களிக்க இயலாது என்று உள்ளூர்த் தேர்தல் வாரியம் தீர்ப்பளித்தது. மாநிலக் கருவூலராக இருந்த பழமைவாதி ரிச்சர்ட் மர்டாக் மே 8ஆம் நாள் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகள் பெற்று அவரை வீழ்த்தினார். தெரிவுத் தேர்தலில் தோற்றவர் அதே பதவிக்குச் சுயேச்சையாக நிற்க அம்மாநிலச் சட்டம் இடம் தராததால், முப்பத்தாறு ஆண்டுகால மேலவைப் பணி அந்தப் பதவிக்காலத்துடன் முடிவுக்கு வந்தது.

இங்கே எதிரெதிராக நிற்கும் இரு சாராரைக் குறிக்கும் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'பழமைவாதி' என்பது தமிழில் ஓரளவு இகழ்ச்சி தொனிக்கும் சொல். குறைந்த வரி, சிறிய அரசு, சமய நெறி ஆகியவற்றை வலியுறுத்தும் அமெரிக்கர் இதற்கு இணையான 'கன்சர்வேட்டிவ்' என்ற சொல்லைத் தாமே பெருமையுடன் சூட்டிக்கொள்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது. லூகர் போன்றோரைக் குறிக்கும் 'மிதவாதி' 1907ஆம் ஆண்டுச் சூரத் காங்கிரஸ் பிளவின் நினைவைச் சுமந்த சொல். அன்று அதன் எதிர்ச்சொல்லாக இருந்த 'தீவிரவாதி' இன்று வன்முறையாளரைக் குறிப்பதால் அந்த இணையை இங்கே பயன்படுத்த முடியாது; ஆயினும் மிதவாதி என்ற சொல் தனியே நின்று நன்றாகவே பொருந்துகிறது.

'பிரைமரி செய்தல்' என்ற வினைக்கு, 'தெரிவுத் தேர்தலில் எதிர்த்து நிற்றல்' என்று விரித்தெழுதுவதே நல்லது. 'போட்டி வேட்பாளர்' என்று சுருக்கினால், கட்சி அறிவித்த வேட்பாளருக்கு எதிராகப் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் அதிருப்தியாளரையே நம் வாசகர் எண்ணிக்கொள்வார். மர்டாக் அப்படிப்பட்டவர் அல்லர். மே மாதத்திற்குப் பிறகு அவரே கட்சியின் முறையான வேட்பாளர். அக்டோபர் விவாதத்தில் வன்புணர்வால் உண்டாகும் கருவைப் பற்றி அவர் சொன்ன கருத்து நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளாக, லூகர் ஆறு முறை வென்ற அந்த இடம் நவம்பர் பொதுத்தேர்தலில் சனநாயகக் கட்சியின் ஜோ டொனலியிடம் சென்றது.