லெந்து உபவாசமும் சுகர் மாத்திரையும்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து தொடங்கியதும் பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் சுகர் நோயாளிகள் பலர் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்டால், "ஆண்டவர் பார்த்துக்கிடுவார் டாக்டர்" என்பார்கள்.

அந்த வாஞ்சையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 42ஆம் சங்கீதத்து மானைப்போல தேவனுக்காகத் தவிக்கிற ஆத்துமா எனக்கும் உண்டு. ஆனால் கிருபை தேவனுடைய ஈவு என்று எபேசியர் 2:8 சொல்கிறது. இலவசமாகக் கொடுக்கப்படுவதற்கு உடம்பை வாட்டிக் கூலி கட்ட வேண்டுமா? சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கி எழுந்ததும் மறுபடியும் சாப்பிடச் சொன்னான். சிலுவையில் ஆண்டவரே "தாகமாயிருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாரே!

கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சுகர் 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறி நினைவே தப்பலாம். பெரிய வெள்ளியன்று பங்குனி வெயிலில் 12 மணியிலிருந்து 3 மணிவரை சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளின் பிரசங்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வியர்த்துத் துவண்டால், ஜெபத்தில் உருகுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து: அது சிறுநீரில் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும், பட்டினியும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம், "உபவாசம் இருக்கப்போகிறேன்" என்று சொல்லுங்கள். சிலருக்கு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினாலே போதும், சிலருக்கு உபவாசமே வேண்டாம் என்போம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. சபை ஐயர்மார் (போதகர்கள்) இதை ஆராதனையில் ஒரு வார்த்தை அறிவித்தால் நல்லது, நாங்கள் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள்.

கை நடுங்கினால் அப்போதே உபவாசத்தை முடித்துக்கொண்டு, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்; 15 நிமிடம் கழித்து சுகர் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள்.