'நிரபராதி' அன்று, 'குற்றவாளி அல்லர்'

முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். 1995 அக்டோபர் 3, லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம். வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களான ஜூரிகளின் முடிவை எழுத்தர் வாசிக்கிறார்: "நாட் கில்ட்டி." திரையின் அடியில் ஓடிய தமிழ்: "நிரபராதி!" போதாக்குறைக்கு ஒரு வியப்புக்குறி. 2024 ஏப்ரலில் சிம்ப்சன் இறந்தபோது படித்த செய்திகளிலும் இதே சொல்தான். பத்தாவது முறையோ பதினோராவது முறையோ தெரியவில்லை, பொறுமை போய்விட்டது.

பிறப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'கில்ட்' பழைய ஆங்கிலச் சொல், பொருள் குற்றம். 'நிரபராதி' வடசொல். அபராதம் என்றால் அங்கே குறி தவறுதல், அதிலிருந்து பிழை, குற்றம். 'நிர்' அதை மறுக்கிறது. தமிழுக்கு வந்த அபராதம், குற்றத்தை விட்டுவிட்டு அதற்காகக் கட்டும் பணமாக மாறிவிட்டது. நிரபராதி மட்டும் பழைய பொருளிலேயே நிற்கிறான்: குற்றமே செய்யாதவன்.

சிக்கல் அங்கேதான். 'நாட் கில்ட்டி' அப்படிச் சொல்லவில்லை. நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு குற்றத்தை நிறுவ வேண்டும், நிறுவவில்லை. ஜூரிகள் சொல்வது அவ்வளவுதான். அந்த மனிதர் அந்த இரவில் என்ன செய்தார் என்பதற்கு அவர்கள் சாட்சி சொல்லவில்லை. என் கணவன் கள்வனா என்று கண்ணகி கதிரவனைக் கேட்டாள். அல்லன் என்று விடை வந்தது. எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தவனின் விடை அது. லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் கதிரவன்கள் அல்லர், சாட்சியங்களை மாதக்கணக்கில் கேட்ட 12 பேர்.

இன்னும் ஐயமிருந்தால் மிசிசிப்பிக்குப் போவோம். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். வெள்ளையர்களான ராய் பிரயண்ட், ஜே.டபிள்யூ. மைலம் இருவர் மீதும் வழக்கு. ஜூரிகள் 12 பேரும் வெள்ளை ஆண்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பேசிவிட்டு வந்து "நாட் கில்ட்டி" என்றார்கள். சில மாதங்கள் கழித்து, 1956 ஜனவரியில், ஆம், நாங்கள்தான் கொன்றோம் என்ற அவர்களுடைய வாக்குமூலம் 'லுக்' பத்திரிகையில் வந்தது. அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்க சட்டம் இடம் தராது என்பதால் அந்தக் கொலைக்காக மிசிசிப்பி அரசு அவர்களை மீண்டும் கூண்டில் ஏற்ற முடியவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர் கணக்கில் அந்த இருவரும் நிரபராதிகள். எழுதக் கை கூசவில்லையா?

மறுபுறம், நிரபராதி என்ற சொல்லுக்கு முழு உரிமை உள்ளவர்களும் அதே நாட்டில் இருக்கிறார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1989இல் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் கறுப்பின, லத்தீன் இனப் பையன்கள் ஐவர் தண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்கள். 2002இல் வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், மரபணுச் சோதனையும் அவனையே காட்டியது. ஐவர் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. இவர்கள் நிரபராதிகள். மைலமுக்கும் இவர்களுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல்லில் என்ன மிஞ்சும்?

சிம்ப்சன் வழக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே இந்தப் பிழை கதையையே மாற்றிவிடுகிறது. முன்னாள் மனைவி நிக்கோல் பிரௌன் சிம்ப்சனும் அவருடைய நண்பர் ரொனால்ட் கோல்ட்மனும் கொல்லப்பட்டது 1994 ஜூனில். சிம்ப்சனோ அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலும் விளம்பரங்களிலும் நாடே அறிந்த முகம். 1995இல் அவரை விடுவித்த ஜூரிகளில் 9 பேர் கறுப்பினத்தவர். 1997இல் இறந்தவர்களின் குடும்பத்தார் தொடுத்த உரிமையியல் (சிவில்) வழக்கில் பெரும்பாலும் வெள்ளையர்களான ஜூரிகள் அவரை 3 கோடியே 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். தமிழில் இது "முதலில் நிரபராதி, பிறகு குற்றவாளி" என்று வருகிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? கறுப்பர் விட்டார், வெள்ளையர் பிடித்தார் என்றுதான். இனம் அந்த வழக்கில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அதே ஊரில் அடித்த காவலர்கள், 1992இல் பக்கத்து ஊரான சிமி வேலியில் நடந்த வழக்கில் தப்பினார்கள். துப்பறியும் அதிகாரி மார்க் ஃபர்மனின் இனவெறிப் பேச்சு ஒலிநாடாவாக வெளிவந்ததும் சிம்ப்சன் வழக்கில்தான். ஆனால் அளவுகோலும் வேறு. குற்றவியலில் ஐயத்தை நீக்க வேண்டும். உரிமையியலில் தட்டு ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். இரண்டாவது வழக்கில் வந்த சொல் 'லயபிள்': பொறுப்பாளி. அங்கே 'குற்றவாளி' என்ற சொல்லுக்கே வேலையில்லை.

இனித் தனித்தமிழ் நண்பரின் முறை. "நிரபராதியா? வடசொல். 'குற்றமிலி' என்று போடு" என்கிறார். வடமொழியை விரட்டுவதில் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் திருடனை விரட்டிவிட்டு அவன் தம்பியைக் குடிவைப்பதில் பயனில்லை. இலி என்று முடியும் சொற்களைப் பாருங்கள்: அறிவிலி, மூக்கிலி, பெயரிலி. எதிலும் ஒரு துளியும் மிச்சமில்லை. குற்றமிலி என்றால் எந்தக் குற்றமும் அறவே இல்லாதவர், கடவுளுக்கு வேண்டுமானால் பொருந்தும். மனைவியை அடித்த வழக்கில் 1989இலேயே எதிர்வாதம் செய்யாமல் தண்டனை பெற்ற சிம்ப்சனுக்குப் பொருந்தாது. செய்தித்தாள்கள் விரும்பும் 'குற்றமற்றவர்' என்பதிலும் இதே கோளாறுதான், உடை மட்டும் வேறு. வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று சண்டை போட்டுக்கொண்டே இரு தரப்பும் பொருளைக் கைவிட்டுவிட்டன.

'குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை' எனலாமே என்பார்கள். பொருளுக்கு மிக அருகில் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'நாட் கில்ட்டி'க்குப் பக்கத்திலேயே 'நாட் புரூவன்' என்று தனியாக ஒரு மூன்றாவது தீர்ப்பு நெடுங்காலம் இருந்திருக்கிறது. இந்தத் தொடரை அதற்கு விட்டுவைப்பதே முறை.

என் கட்சி, 'குற்றவாளி அல்லர்'. குற்றம் என்பது செயல். குற்றவாளி என்பது தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் சூட்டும் பெயர். அந்தப் பெயர் சூட்டப்படவில்லை என்பதோடு இத்தொடர் நின்றுவிடுகிறது, அந்த இரவைப் பற்றி வாய் திறப்பதில்லை. ('குற்றவாளி அல்ல' என்று எழுதுகிறவர்களுக்கு: அல்ல அஃறிணைப் பன்மை. சிம்ப்சன் ஒருவர்தான், மனிதரும்கூட.) 'வெர்டிக்ட்' என்பதற்கே ஆங்கிலத்தில் வேர்ப்பொருள் மெய்யுரை. நம் தீர்ப்பு அவ்வளவு பெருமை பேசுவதில்லை. வழக்குத் தீர்ந்தது என்கிறது. நேர்மையான சொல்.

'விடுதலை'யையும் சேர்த்தே திருத்த வேண்டும். 1995இல் சிம்ப்சன் விடுதலை. லாஸ் வேகாஸ் கொள்ளை வழக்கில் 2008 அக்டோபர் 3 அன்று, சரியாக 13 ஆண்டுகள் கழித்து, குற்றவாளி என்று தீர்ப்பாகி, நெவாடா சிறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்து 2017இல் பரோலில் வந்தபோதும் விடுதலை. முன்னதை விடுவிப்பு என்றும், சிறைக் கதவு திறப்பதை விடுதலை என்றும் பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

திரையில் இடமில்லை என்று ஆவணப்படத்துக்கு வரி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தேன். நிரபராதி ஐந்து எழுத்து, குற்றவாளி அல்லர் ஒன்பது. அந்த வியப்புக்குறியை எடுத்துவிட்டால் மூன்று எழுத்துக்குத்தான் இடம் தேட வேண்டியிருக்கும்.