மைக்ரோஅக்ரெஷன்: நுண்தாக்குதலும் ஊமைக்காயமும்

அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிய வம்சாவளிக்காரர் ஒருவரிடம் "உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவர், தாம் பாராட்டியதாகவே நினைப்பார். கேட்பவர் காதில் அது, 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று விழும். இப்படி அன்றாடப் பேச்சிலும் நடத்தையிலும் ஒளிந்துவரும் இழிவைத்தான் மைக்ரோஅக்ரெஷன் என்கிறார்கள்.

சொல்லை உருவாக்கியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். ஆண்டு 1970. அதற்கு முந்தைய ஆண்டுதான் கறுப்பின மனநல மருத்துவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கி, அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் வழிகளை உளப்பகுப்பாய்வு 'தற்காப்பு நுட்பங்கள்' என்று விளக்கிவந்தது. பியர்ஸ் அதைத் திருப்பிப் போட்டு, தம் கட்டுரைக்குத் 'தாக்கும் நுட்பங்கள்' என்று பெயர் வைத்தார். அடிபட்டவரின் மனத்தையே ஆராய்ந்துகொண்டிருந்த துறையை, அடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றுபவை வாழ்நாள் முழுவதும் சேரும்போது உடலையும் மனத்தையும் அரித்துவிடும் என்பது அவர் வாதம்.

'மைக்ரோ' கிரேக்கத்தில் சிறியது. 'அக்ரெஷன்' லத்தீன் வேர் கொண்டது. ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பது என்பது முதற்பொருள், தாக்குவது என்பது அதிலிருந்து கிளைத்த பொருள்.

சொல் பரவலானது 2007இல், டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. அதில் அவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். சூ ஆசிய அமெரிக்கர். உடன் வந்த நண்பர் கறுப்பினத்தவர். சிறிய விமானம், எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். இருவரும் முன்பக்கம் அமர்ந்தார்கள். பிறகு ஏறிய மூன்று வெள்ளையர்கள் அவர்களுக்கும் முன்னால் அமர்ந்தார்கள். புறப்படும் நேரத்தில் பணிப்பெண் வந்து, எடையைச் சமன் செய்ய வேண்டும், பின்னால் போக முடியுமா என்று இவர்கள் இருவரைத்தான் கேட்டார். கறுப்பினத்தவரைப் பஸ்ஸில் பின்னிருக்கைக்குத் துரத்திய வரலாறு உள்ள நாடு அது. சூ காரணம் கேட்டபோது, "நான் நிறம் பார்ப்பவள் இல்லை" என்று பணிப்பெண் கொதித்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. இந்தச் சொல் தேவைப்படுவது அதனால்தான்.

அந்தக் கட்டுரை உளச்சிகிச்சையாளர்களுக்காக எழுதப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று ஒரு கறுப்பினப் பெண் சொல்ல, "வேறு காரணம் இருக்கலாமே, ஏன் நிறத்தோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று சிகிச்சையாளர் கேட்டால், ஆறுதல் தேடிப் போன இடத்திலும் அதே அடிதான். 2014இல் ஜெஸ்ஸி ஓவன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆலோசனை மையப் பயனாளிகளில் 53 சதவீதம் பேர் தங்கள் சிகிச்சையாளரிடமிருந்தே இதை அனுபவித்ததாகக் கூறினர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர், அதைப் பற்றி அந்த அறையில் பேச்சே எழவில்லை என்றனர். ஆனால் வெளிப்படையாகப் பேசித் தீர்த்தவர்கள், அப்படி எதுவும் நேராதவர்களைப் போலவே சிகிச்சையாளரோடு நல்ல உறவில் இருந்தார்கள். வாய் தவறுவதைவிட, தவறிய பின் வாய்மூடி இருப்பதுதான் உறவைக் கெடுக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொல்லுக்கு எதிர்ப்பும் உண்டு. எண்ணமே இல்லாததை 'அக்ரெஷன்' என்பது பொருந்தாது என்று 2017இல் உளவியலாளர் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் எழுதினார். இனவெறி எதிர்ப்பு எழுத்தாளர் இப்ராம் கெண்டிக்கோ 'மைக்ரோ', 'அக்ரெஷன்' இரண்டுமே உறுத்தல். இனவெறிக் கொடுமை என்றே சொல்லுங்கள் என்கிறார்.

இந்த விவாதத்தை மனத்தில் வைத்துத்தான் தமிழ்ச்சொல் தேட வேண்டும். 'நுண்வன்முறை' என்று எழுதுகிறார்கள். வன்முறை என்றதும் நமக்கு அரிவாளும் கல்லெறியும்தான் நினைவுக்கு வரும். வேண்டுமென்றே செய்தது என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். 'உள்குத்து' இன்னும் பொருந்தாது. அது திட்டமிட்டுக் குத்துவது. 'சீண்டல்' விளையாட்டாகிவிடும். 'நுண்தாக்குதல்' சரி என்பேன். தமிழில் மனிதன் மட்டும் தாக்குவதில்லை. புயல் தாக்கும், வெயில் தாக்கும், நோயும் தாக்கும். தாக்க எண்ணம் வேண்டியதில்லை, தாக்கப்பட்டவர் இருந்தால் போதும்.

விளைவைச் சொல்லப் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். தோல் கிழியாமல், ரத்தம் வராமல், உள்ளே கன்றிப்போன அடியை நம் ஊர்களில் ஊமைக்காயம் என்பார்கள். காட்ட முடியாததால் எவரும் நம்பாத காயம்.

சூ மூன்று வகை பிரிக்கிறார். தெரிந்தே செய்யும் அவமதிப்பு முதல் வகை. அதை நுண்மை என்ற பெயரில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை, அப்பட்டமான இனவெறி என்றே சொல்லலாம். தெரியாமல் ஒருவரைத் தாழ்த்துவது, ஒருவர் உணர்வதையும் படுவதையும் இல்லையென்று ஒதுக்குவது என்ற மற்ற இரண்டுக்கும் முறையே நுண்ணிழிவு, நுண்மறுப்பு என்ற சொற்கள் பொருந்தும். "உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்பதும் "நான் நிறம் பார்ப்பவள் இல்லை" என்பதும் சூவின் கணக்கில் நுண்மறுப்பே: முன்னது ஒருவர் அந்த நாட்டவர் என்பதை மறுக்கிறது, பின்னது அவர் பட்டதை மறுக்கிறது. கறுப்பினத்தவர் ஒருவரிடம் "இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று வியப்பது நுண்ணிழிவு.