அடங்கிய மனமும் நடக்காத வேலைநிறுத்தமும்

1929-இல் சமூக உளவியலாளர் எரிக் ஃப்ராம் தலைமையில் ஃபிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனம் ஜெர்மானியத் தொழிலாளர்களிடம் ஏறத்தாழ 3,300 வினாத்தாள்களை வழங்கியது. நாட்டில் உண்மையான அதிகாரம் யாரிடம் உள்ளது என்று கேட்ட அதே தாள், அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா என்றும் கேட்டது. அரசியல் கேள்விகளுக்கு இடதுசாரிகளாக விடையளித்தவர்களில் பலர், வீட்டைப் பற்றிய கேள்விகளில் அடக்கியாள்வதையும் அடங்கிப்போவதையும் இயல்பென்று ஏற்றிருந்தனர். அதிகாரம் வெளியிலிருந்து மிரட்டுவதோடு நிற்பதில்லை, குடும்பத்தின் வழியே மனத்துக்குள் குடியேறி எதிர்ப்பை உள்ளிருந்தே தளர்த்துகிறது என்பதே 1937-இல் அந்நிறுவனத்தின் இயக்குநர் ஹோர்க்ஹைமர் 'விமர்சனக் கோட்பாடு' என்று பெயரிட்ட சிந்தனைப் போக்கின் பெரிய கண்டுபிடிப்பு.

ஆனால் இந்த விளக்கம் போதுமா?

1920 மார்ச்சில் காப் என்பவரின் தலைமையில் பெர்லினைக் கைப்பற்றிய ராணுவக் கலகத்தை இதே தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தால் சில நாட்களில் வீழ்த்தினர். ரயில் ஓடவில்லை, அதிகாரிகள் ஆணைகளை ஏற்கவில்லை, மத்திய வங்கி பணம் தரவில்லை. 1932 ஜூலை 20 அன்று பிரதமர் பாப்பன், குடியரசுத் தலைவரின் அவசர ஆணையைக் கொண்டு சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையில் இருந்த பிரஷ்ய மாநில அரசைக் கலைத்தபோதோ தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவில்லை; கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அழைப்பும் எடுபடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ப்பு முறை அவ்வளவு மாறிவிடவில்லை. மாறியது வேறு: அவ்வாண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சத்தைத் தொட்டிருந்தனர்; ஒருவர் வேலையை விட்டு வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப வாசலில் ஆள் காத்திருக்கும்போது வேலைநிறுத்தம் தன் பலத்தை இழக்கிறது. மேலும், கலகக்காரர்களைப் போலன்றி, பாப்பனின் கையில் அவசர ஆணைகளுக்கு இடமளித்த அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவும் அதற்குக் கட்டுப்பட்ட ராணுவமும் இருந்தன.

யாருடைய உத்தரவு செல்லும், யார் மறுத்தால் எது நின்றுபோகும் என்னும் இந்தக் கணக்கை விமர்சனக் கோட்பாட்டின் முதன்மை நீரோட்டம் போதிய அளவு போடவில்லை என்றே கருதுகிறேன். பிற்காலத்தில் அம்மரபின் அடுத்த தலைமுறைச் சிந்தனையாளர் ஹாபர்மாஸ் பணத்தையும் நிர்வாக அதிகாரத்தையும் 'அமைப்பு' என்றும், உரையாடலால் இயங்கும் அன்றாட வாழ்வை 'வாழ்வுலகம்' என்றும் பிரித்தார். அப்பிரிப்பு வாழ்வுலகை அதிகாரமே இல்லாத இடமாகக் காட்டிவிடுகிறது என்று அவரிடம் உதவியாளராக இருந்த ஹோனெத் 1985-இலேயே சரியாகச் சுட்டினார்.

வேறொரு பாதையும் அதே நிறுவனத்துக்குள் இருந்தது. பெர்லினில் தொழிற்சங்கங்களுக்காக வாதாடிய வழக்கறிஞரான ஃபிரான்ஸ் நாய்மன், நாஜி ஆட்சியைக் கட்சி, ராணுவம், அதிகாரவர்க்கம், பெருந்தொழில் என்ற நான்கு அதிகார மையங்களுக்கு இடையிலான பேரமாக 1942-இல் விளக்கினார்.