இடைவெளி ஷாட்: ஓசுவுக்குத் தலையணை வேண்டாம்

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஓசுவைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும், யார் பேசினாலும், கொஞ்ச நேரத்தில் ‘தலையணைக் காட்சி’ வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு திரையிடலுக்குப் பின் நடந்த பேச்சில் அதைப் பலமுறை கேட்க நேர்ந்தது. பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் மெதுவாக, “படத்தில் தலையணை எங்கே வந்தது?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. படம் முழுக்க உண்மையிலேயே தேடியிருக்கிறார். ஒரு கலைச்சொல் பார்வையாளரின் கண்ணை இப்படித் தவறான இடத்துக்கு அனுப்பினால் அதை விட்டுவிடுவதுதான் நல்லது.

ஓசுவின் படத்தில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில ஷாட்கள் வரும். கொடியில் காயும் துணி, யாரும் இல்லாத தாழ்வாரம், மதுக்கடையின் பெயர்ப்பலகை, தொலைவில் கடந்துபோகும் ரயில். கதை மாந்தர் அதில் இருக்க மாட்டார்கள், கதையும் நகராது. சில விநாடிகள் நின்று பார்ப்போம், அப்புறம் பேச்சு தொடரும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘பில்லோ ஷாட்’ என்கிறார்கள். அதை அப்படியே தூக்கி வைத்ததுதான் நம் தலையணை.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. திரைப்பட அறிஞர் நோயல் பர்ச் 1979இல் வெளியிட்ட ஜப்பானிய சினிமா பற்றிய நூலில் இந்தப் பெயரை வைத்தார். பழைய ஜப்பானியக் கவிதையில் ‘மகுராகொத்தோபா’ என்று ஓர் உத்தி உண்டு. மகுரா என்றால் தலையணை, கொத்தோபா என்றால் சொல். எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான ‘மன்யோஷு’வில் இது நிறைய வரும். பெரும்பாலும் ஐந்து அசை கொண்ட ஒரு தொடர், குறிப்பிட்ட ஒரு சொல்லுக்கு முன்னால் வழக்கமாக வந்து நிற்கும். மலைக்கு முன்னால் ‘அஷிஹிகி நோ’, தாய்க்கு முன்னால் ‘தராச்சினே நோ’, வானுக்கும் ஒளிக்கும் முன்னால் ‘ஹிசகாத்த நோ’. இவற்றில் பலவற்றின் பொருள் என்ன என்று அறிஞர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. பொருள் தேய்ந்த பிறகும் ஓசைக்காகவும் அழகுக்காகவும் அவை நின்றன. தொல்காப்பியம் இடைச்சொற்களில் ஓசையை நிறைக்க மட்டும் வரும் ‘இசைநிறை’ என்று ஒரு வகை சொல்கிறதே, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், முழுக்க ஒன்றல்ல என்றாலும். கதைக்கு நேராக உதவாமல் ஒரு கணம் வந்து நிற்கும் ஓசுவின் ஷாட்களைப் பார்த்ததும் பர்ச்சுக்கு அது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

தலையணைக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். தலைக்கு அணையாக இருப்பது தலையணை, அடுத்த சொல்லின் தலைக்கு அணையாக இருப்பது மகுராகொத்தோபா. உருவகம் தமிழில் செத்துவிடவில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் அகராதியில் நிற்கும், காதில் நிற்காது. தமிழ்க் காதுக்குத் தலையணை என்றதும் வருவது படுக்கையறையும் தலையணை மந்திரமும்தான். ஜப்பானியனுக்கு மகுரா அப்படி அல்ல. ரகுகோ என்ற கதைசொல்லும் கலையில், கதைசொல்லி மெயின் கதைக்குள் போகுமுன் பேசும் முன்னுரைப் பேச்சுக்கும் மகுரா என்றே பெயர். கவிதையில் பாடப்பட்டுப் புகழ்பெற்ற ஊர்களுக்கு ‘உத்தாமகுரா’ என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே முன்வருவது, தாங்குவது, பாட்டு என்ற பொருள்களெல்லாம் ஊறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ஊறல் போய், பஞ்சு மட்டும் மிஞ்சியது. நாம் ஆங்கிலத்திலிருந்து அந்தப் பஞ்சை வாங்கி வைத்திருக்கிறோம்.

பர்ச்சின் ஒப்புமையே கூட முழுதாகப் பொருந்தாது. மகுராகொத்தோபா எப்போதும் முன்னால் வருவது, அதன் இணைச்சொல்லும் பெரும்பாலும் முடிவானது. ஓசுவின் ஷாட்டோ எங்கும் வரும். ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக வீடு திரும்பும் தந்தை ஆப்பிள் தோலைச் சீவுகிறார், தலை கவிழ்கிறது, பிறகு கடல் அலை, படம் முடிகிறது. அந்த அலைக்குப் பின்னால் எந்தத் தலையும் இல்லை. ஜப்பானில் நான்பு கெய்னோசுகே என்ற விமர்சகர் இவற்றை ‘கர்ட்டன் ஷாட்’ என்றார். மேடை நாடகத்தில் அங்கங்களுக்கு நடுவே திரை விழுவதுபோல என்று அவர் பார்த்தார். ஆக, ஜப்பானியத் தலையணைதான் அசல், அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

‘காட்சி’ என்பதும் தவறு. படப்பிடிப்புத் தளத்தில் காட்சி என்றால் சீன். ஒரே இடத்தில், ஒரே தொடர்ச்சியில் நடப்பது. பல ஷாட் சேர்ந்தது ஒரு காட்சி. ஓசு வைப்பது காட்சிகளுக்கு நடுவே. அதையே காட்சி என்று அழைத்தால் காட்சிக்கு நடுவில் காட்சி என்று ஆகிறது. ஷாட்டுக்குத் தனித்தமிழில் யார் யாரோ சொல் படைத்துப் பார்த்தார்கள், எதுவும் தளத்தில் ஒட்டவில்லை. லைட்மேன் முதல் எடிட்டர் வரை எல்லோரும் சொல்வது ஷாட். அது இப்போது தமிழ்ச் சொல்தான்.

சரி, தலையணை வேண்டாம் என்பவர்கள் வைக்கும் மாற்றைப் பார்க்கலாம். அவர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை. சங்க இலக்கியம் படித்தவர்கள் சிலர் ‘உள்ளுறைக் காட்சி’ என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, மரபோடு சேர்க்கிறோம் என்ற பெருமையும் கிடைக்கிறது. ஆனால் இது தலையணையைவிட மோசம். தலையணை வெறுமனே புரியாமல் போகும். உள்ளுறை தவறாகப் புரியவைக்கும்.

உள்ளுறை என்பது ஒளித்துவைத்த உவமை. மரம், விலங்கு போன்ற நிலத்தின் கருப்பொருளைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார், வயலோர மாமரத்திலிருந்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன் என்று தலைவனைச் சொல்கிறார். பேசுபவள் பரத்தை. பழம் தானாக விழுந்தது, மீன் உழைக்கவில்லை. தலைவனும் அப்படித்தான் தானாக வந்தான் என்பது உள்ளே கிடக்கும் பொருள். மீனுக்கு ஒருவர், பழத்துக்கு ஒருவர் என்று நேர்நேராகப் பொருத்திக் காட்டலாம். பொருத்த முடியாவிட்டால் அது உள்ளுறையே அல்ல.

இப்போது ‘ஃப்ளோட்டிங் வீட்ஸ்’ (1959) படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தொலைவில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், முன்னால் ஒரு கண்ணாடி பாட்டில். இரண்டும் சட்டகத்துக்குள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. கலங்கரை விளக்கம் யார், பாட்டில் யார்? யாரும் இல்லை. ஒரு வடிவம் இன்னொரு வடிவத்தோடு எதுகை போடுகிறது. பார்க்கும் கண்ணுக்கு அது ஒரு மகிழ்ச்சி. ‘ஈக்வினாக்ஸ் ஃப்ளவர்’ (1958) ஓசுவின் முதல் வண்ணப்படம். அதில் ஒரு சிவப்புக் கெண்டி வீட்டுக்குள் ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். எந்தப் பாத்திரம் அதை நகர்த்தியது என்று கேட்டால் விடை கிடையாது. அந்தச் சட்டகத்தில் அந்த மூலையில் சிவப்பு வேண்டும் என்று ஓசுவுக்குத் தோன்றியது, அதனால் அங்கே இருக்கிறது. உள்ளுறை என்று பெயர் வைத்துவிட்டால் நம் விமர்சகர்கள் உடனே கெண்டிக்குள் குடும்ப அமைப்பின் சிதைவைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். தேடுகிறார்கள், படித்திருக்கிறேன்.

‘லேட் ஸ்பிரிங்’ படத்தின் பூச்சாடி இதற்கு நல்ல எச்சரிக்கை. கியோத்தோ விடுதியில் தந்தை உறங்குகிறார், மகள் புன்னகைக்கிறாள். பூச்சாடி. மகள் முகம் அழுகையின் விளிம்புக்கு வந்திருக்கிறது. மீண்டும் பூச்சாடி. அமெரிக்கத் திரைக்கதையாசிரியரும் இயக்குநருமான பால் ஷ்ரேடர் 1972இல் எழுதிய நூலில் இதற்கு ஆன்மிகப் பொருள் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வேறு பொருள் சொன்னார்கள். இத்தனை பேர் இத்தனை பொருள் சொல்ல இடம் இருக்கிறதென்றால், ஒரே பொருளை உள்ளே பூட்டி வைக்கும் உள்ளுறை அதற்கு எப்படிப் பெயராகும்?

என் பரிந்துரை ‘இடைவெளி ஷாட்’. திரைப்பட அறிஞர்கள் கிறிஸ்டின் தாம்ப்சனும் டேவிட் போர்ட்வெல்லும் 1970களிலேயே தலையணை, திரைச்சீலை என்ற உருவகங்களின் பக்கம் போகாமல், இவை காட்சிகளுக்கு இடையிலான வெளிகள் என்று நேராகச் சொன்னார்கள். இடை, வெளி. தமிழ் அதை ஏற்கெனவே ஒரே சொல்லாக வைத்திருக்கிறது. இடைவெளி என்றால் ஒன்றுமில்லாத ஓட்டை ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. வயல்வெளியில் நெல் நிற்கிறது, புல்வெளியில் புல் நிற்கிறது. தமிழில் வெளி என்பது காலியான இடம் என்ற பொருளோடு நிற்பதில்லை. இதே காரணத்துக்காகத்தான் ‘வெற்று ஷாட்’ என்ற யோசனையையும் ஏற்க மனமில்லை. ஓசுவின் தாழ்வாரம் வெறுமையானதல்ல. சற்றுமுன் ஒருவர் நடந்துபோன தாழ்வாரம் அது.

இந்தப் பெயர் வேலையையும் சரியாகச் சொல்கிறது. ஒரு பிம்பம் கரைந்து அடுத்ததாக மாறும் டிஸால்வையும், திரை மெல்ல இருண்டு தெளியும் ஃபேடையும் ஓசு தன் பிற்காலப் படங்களில் கைவிட்டார். நேர் வெட்டு மட்டும்தான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக, ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்குப் போக, இந்த ஷாட்களே வழி. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) ஒனோமிச்சி என்ற ஊரில் முதியவர்கள் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறார்கள். ரயில் பயணத்தை ஓசு காட்டுவதில்லை. அடுத்து புகைபோக்கிகள் தெரிகின்றன, டோக்கியோ வந்துவிட்டது. பின்னால் தாய் இறந்த விடியலில், ஆளில்லாத படகுத்துறையும் ஊரும் வருகின்றன. அதற்குப் பிறகே, வெளியே நின்று ‘அழகான விடியல், இன்றும் வெயில் கடுமையாக இருக்கும்’ என்று சொல்லும் தந்தையை நாம் பார்க்கிறோம். அந்தச் சில விநாடிகள் இல்லாமல் அந்த வரியை நம்மால் தாங்க முடியாது. இடைவெளி அங்கே செய்வது அதை.

தலையணை என்று எழுதும் அதே மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும். ஓசுவின் கேமராவைத் ‘தாழ்கோணம்’ என்று எழுதுகிறார்கள். கோணம் தாழ்ந்தால் கேமரா கீழிருந்து மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். நாயகன் அறிமுகத்துக்கு வைப்பார்களே, அது தாழ்கோணம், ஆளைப் பெரிதாக்கிக் காட்டும். ஓசுவும் அவருடைய ஒளிப்பதிவாளர் அட்சுதா யூஹாருவும் செய்தது வேறு. கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள், 50 மில்லிமீட்டர் லென்சைப் பெரும்பாலும் கிடைமட்டமாகவே வைத்தார்கள். யாரும் பெரிதாகவில்லை, யாரும் சிறிதாகவில்லை. தாழ்ந்தது உயரம் மட்டும். ‘தாழ்நிலைக் கேமரா’ என்று எழுதினால் விஷயம் முடிந்தது. கோணம் என்ற சொல்லை, கேமரா உண்மையிலேயே சாயும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.