வாசலில் நிற்கும் பயம் யாரைப் பற்றியது?

தனியாக வெளியே கிளம்ப முடியாத இரண்டு பேரைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. செருப்பை மாட்டியாயிற்று, கை தாழ்ப்பாளில் இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, அப்புறம் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று இருவருமே திரும்பிவிடுகிறார்கள். துணைவர் கூட வந்தால் இருவருமே கிளம்பிவிடுவார்கள் என்பதுதான் இன்னும் குழப்பம். ஆனால் ஒருவருடைய பயம் தன்னைப் பற்றியது, மற்றவருடையது வீட்டில் விட்டுவிட்டுப் போகும் ஆளைப் பற்றியது.

பாதி வழியில் போன் அணையப் போகிறது என்று வையுங்கள். முதலாமவர், ‘எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?’ என்று பதறுவார். இரண்டாமவரோ, ‘அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?’ என்று பதறுவார். போன் ஒன்றுதான், பயம் வேறு.

முதலாமவருக்குப் பெரும்பாலும் நடப்பது இது. ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பின் அபாய மணி அடித்துவிடுகிறது. மூச்சு முட்டல், தலைச்சுற்றல், ‘செத்துவிடுவேன்’ என்ற எண்ணம் எல்லாம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும். இதுதான் பேனிக் அட்டாக். (முதல் முறை இப்படி வந்தால் இதயம், தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிடுவது நல்லது.) அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் ஒட்டிக்கொள்ள, வந்தால் தப்பிக்க முடியாது, உதவி கிடைக்காது என்று தோன்றும் பஸ், கூட்டம், வரிசை, அடைத்த அறை என ஒவ்வொன்றாகத் தவிர்க்க ஆரம்பித்தால் அது அகோராஃபோபியா. 1871-ல் ஜெர்மன் மருத்துவர் வெஸ்ட்பால் வைத்த பெயர். சந்தைத் திடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததால் வெட்டவெளிக்குப் பயப்படுவது மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், பெயர் செய்த வேலை.

இரண்டாமவருக்கு இருப்பது பிரிவுப் பதற்றம். பள்ளி வாசலில் அழும் குழந்தையோடு இதைச் சேர்த்துப் பார்த்தே பழகிவிட்டோம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடே 2013 வரை, 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால்தான் இந்தப் பெயரைக் கொடுக்கலாம் என்றது. ஆனால் 18 நாடுகளின் தரவை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், வாழ்நாளில் இது வந்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு 18 வயதுக்குப் பிறகுதான் தொடங்கியிருந்தது. இத்தனை பேருக்கும் அதுவரை பழைய விதிப்படி வேறு ஏதோ ஒரு பெயரைத்தான் எழுதியிருக்க முடியும்.

பிரித்துப் பார்க்க, என் கணிப்பில் மிகவும் உதவும் கேள்வி: வீட்டிலேயே தனியாக இருந்தால் எப்படி? அகோராஃபோபியா உள்ள பலருக்கு வீடு பாதுகாப்பான இடம். பிரிவுப் பதற்றம் உள்ளவருக்கு அதே சோபாவில், அதே ஃபேனுக்குக் கீழே, துணைவர் வர அரைமணி நேரம் தாமதமானால் விபத்துக் காட்சிகள் மனதில் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்தது, துணைக்கு வேறு யாராவது வந்தால் போதுமா? அகோராஃபோபியா உள்ளவருக்கு நம்பகமான நண்பர் ஒருவர் வந்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம், பிரிவுப் பதற்றத்தில் அந்த ஒரு ஆள்தான் வேண்டும், மாற்று ஆள் செல்லாது. இரவிலும் ஒரு தடயம் உண்டு: பேனிக் அட்டாக் கனவே இல்லாத தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடும், பிரிவுப் பதற்றத்தில் பிரிவதைப் பற்றிய கெட்ட கனவுகள் திரும்பத் திரும்ப வரலாம்.

நெஞ்சு படபடப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ரயில் நகரும்போது பிரிவுப் பதற்றம் உள்ளவருக்கும் முழு பேனிக் அட்டாக் வரலாம், ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது சிகிச்சைக்காகத்தான். பேனிக் என்றால் நாற்காலியில் சுற்றவைத்தும், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்லியும், அந்த உடம்பு உணர்வுகள் ஆளைக் கொல்லாது என்று பழக்குவார்கள். அகோராஃபோபியாவுக்கு ஒரு ஸ்டாப், அப்புறம் இரண்டு ஸ்டாப் என்று பஸ்ஸில் போகவேண்டும். பிரிவுப் பதற்றத்துக்கு இந்தப் பயிற்சிகள் குறி தவறியவை. துணைவர் ஒரு மணி நேரம் வெளியே போவார், இவர் போன் செய்யாமல் இருக்கவேண்டும். போனவருக்கும் இது பயிற்சிதான், போன் வரவில்லையே என்று அவர் கூப்பிட்டுவிடக் கூடாது.