தீம் என்பது கருப்பொருள் அன்று

“தம்பி, ‘கருப்பொருளை மாற்று’ன்னு ஒரு பட்டன் வருது. அதை அமுக்கினா நான் எழுதி வச்ச மரமெல்லாம் போயிடுமா?”

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வந்த அழைப்பு. பேசியவர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். தம் புளோக்கைச் சுற்றியுள்ள மரங்களையும் பறவைகளையும் பற்றி அவர் எழுதுவதற்கு வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் ஒரு வலைப்பூ அமைத்துக் கொடுத்திருக்கிறேன். சாலையோரத்து அங்சானா, சங்கப் பாட்டில் வரும் வேங்கைக்கு நெருங்கிய உறவு என்று அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த மஞ்சள் பூவை நான் நின்று பார்த்தேன். பதிவுகளை மரம், புள், விலங்கு, உணவு என்று பிரித்து வைத்திருக்கிறார். நான்குக்கும் மேலே அவர் இட்டிருக்கும் தலைப்பகுப்பின் பெயர் ‘கருப்பொருள்’.

அவர் பயந்ததில் தவறே இல்லை. நிர்வாகப் பக்கத்தில் வரும் தமிழ்ச் சொற்களை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் போட்டிருந்தோம். பக்கத்தின் நிறம், எழுத்துரு, அமைப்பு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றித் தரும் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் ‘தீம்’ என்று பெயர். அதில் ‘தீம்’ வரும் இடமெல்லாம் கருப்பொருள். கருப்பொருளை நிறுவு, கருப்பொருளைச் செயல்படுத்து, கருப்பொருளை நீக்கு. இதே சொல்லை வேறு தளங்களிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்திருக்கிறேன். தமிழ் தெரியாதவர் குழம்பினால் சொல்லிக் கொடுக்கலாம். தமிழை நன்றாகத் தெரிந்தவர், தெரிந்த காரணத்தாலேயே குழம்புகிறார் என்றால் குற்றம் சொல்லின் மேல்தான்.

முதலில் மூலத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘தீம்’ கிரேக்கத்தின் ‘தேமா’விலிருந்து வந்தது. ‘வைத்தது’, ‘முன்வைத்த பொருள்’ என்பது அதன் கருத்து. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பேச்சுக்கோ எழுத்துக்கோ எடுத்துக்கொண்ட பொருளைக் குறித்தது. ‘தீசிஸ்’ என்ற சொல்லுக்கும் அதே வேர். நம் யாப்பில் வரும் தேமா இனிய மாமரம். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணினிக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். 1995இல் விண்டோஸ் 95உடன் ‘பிளஸ்’ என்ற கூடுதல் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. அதில் ‘டெஸ்க்டாப் தீம்’கள் இருந்தன. லியனார்டோ டா வின்சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பின்னணிப் படம், சிறுபடங்கள், சுட்டி, ஒலி எல்லாம் அதைச் சார்ந்தே வரும். அங்கே உண்மையாகவே எடுத்துக்கொண்ட பொருள் ஒன்று இருந்தது; அலங்காரம் அதைச் சுற்றி அமைந்தது. நாளடைவில் பொருள் கழன்றுபோய் அலங்காரத்துக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. 2005 பிப்ரவரியில் வேர்ட்பிரஸ் 1.5 வந்தபோது தீம் என்ற ஏற்பாடும் அதனுடன் வந்தது. எழுத்துரு, நிறம், பத்திகளின் அகலம், பக்கத்தின் தலை, அடி எல்லாம் தனி உறைக்குள் போயின. எழுதியவை தரவுத்தளத்தில் இருந்தன. உறையை மாற்றினால் பக்கத்தின் முகம் மாறும், எழுத்து மாறாது. இன்றைக்கும் அப்படித்தான். டீச்சரின் அங்சானா, தரவுத்தளத்தின் பதிவு அட்டவணையில் ஒரு வரிசையாக இருக்கிறது. தீமை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த வரிசையைத் தொடுவதில்லை. பட்டியல்களின் இடமும் பக்கவாட்டுப் பெட்டிகளும் மட்டும் சில நேரம் கலையும். அவற்றைத் திரும்ப அடுக்க வேண்டும்.

பொருளைத் தொடாமல் தோற்றத்தை மாற்றுவதுதான் இதன் ஒரே வேலை. அதற்கு ‘பொருள்’ என்று முடிகிற சொல்லை வைத்தால், அந்தச் சொல் தான் குறிக்கும் செயலுக்கு நேர்மாறாகப் பேசுகிறது.

கருப்பொருள் என்ன ஊர்பேர் இல்லாத சொல்லா? தொல்காப்பியம் அகத்திணையியலில் அதற்கு இலக்கணம் இருக்கிறது:

தெய்வம் உணாவே மாமரம் புட்பறை
செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ
அவ்வகை பிறவும் கருவென மொழிப.

ஒரு நிலத்தில் கருக்கொண்டு விளங்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். குறிஞ்சிக்கு முருகன், தினை, வேங்கை, மயில். இங்கே உயர்நிலை வகுப்பில் தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைகூட இதை ஒப்பிக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால் அதற்கு விடை உரிப்பொருள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். அதாவது இலக்கியத்தில் ‘தீம்’ என்று சொல்லப்படுவதற்கு நம் இலக்கணத்தில் இணை தேடினால்கூட உரிப்பொருள்தான் கிடைக்கிறது. கருப்பொருள் அங்கேயும் பொருந்தவில்லை. வலைப்பூவின் உறைக்கு எப்படிப் பொருந்தும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கதைக்கரு என்று சொல்கிறோம். அது நல்ல சொல். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது அவ்வாண்டின் கருப்பொருள் இன்னது என்று அறிவிக்கிறார்கள். அங்கே எல்லா நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் ஒரு கருத்து இருக்கிறது. மையக்கருத்து என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. ஆனாலும் அந்த வழக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சண்டை. ஆங்கிலச் சொல்லுக்கு முப்பது வருடக் கதை இருக்கிறது. அலங்காரத்துக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பது அந்தக் கதையில் இருக்கிறது. நமக்கு அந்தக் கதை இல்லை. நம் சொல் பிறந்த நாளிலிருந்தே தன் காலில் நிற்க வேண்டும்.

சரி, தீம் என்றே விட்டுவிடலாமே என்று அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். காப்பிக்கடையில் உட்கார்ந்து யாரும் கலைச்சொல் பேசுவதில்லை. திரையில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் ‘தீமை’ ஆகிறது. தீமை மாற்று. தீமை நிறுவு. மேலே ஒரு பத்தியில் நானே வேண்டுமென்று ‘தீமை’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு நொடி தடுக்கியிருக்கும். இதற்குப் பயந்து நடுவில் கோடு போட்டு ‘தீம்-ஐ’ என்று எழுதுகிறார்கள். உருபு ஏற்க முடியாத சொல் தமிழ் வாக்கியத்தில் எத்தனை நாள் விருந்தாளியாக இருக்கும்?

வார்ப்புரு என்கிறார்கள் சிலர். வார்த்தெடுக்கும் உரு, அருமையான ஆக்கம். ஆனால் அது ‘டெம்ப்ளேட்’டுக்கு உரியது. ஒரு தீமுக்குள் பல வார்ப்புருக்கள் இருக்கும்: தனிப்பதிவுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, காப்பகத்துக்கு ஒன்று, தேடல் முடிவுக்கு ஒன்று. வீட்டுக்கும் அறைக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. தோற்றம் என்றால்? எளிமையான சொல்தான். ஆனால் வேர்ட்பிரஸ் நிர்வாகப் பட்டியலில் ‘அப்பியரன்ஸ்’ என்ற தலைப்பின் கீழேதான் தீம்கள் இருக்கின்றன. தலைப்பைத் தோற்றம் என்றுதான் தமிழாக்க வேண்டும். அதற்குள் மறுபடி தோற்றங்கள் என்று வந்தால் சொடுக்குபவர் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிப்பார்.

நான் வைக்கும் சொல் கோலம்.

உடனே வாசலில் இடும் மாக்கோலம் நினைவுக்கு வரும். வரட்டும், அதுவும் அழகுபடுத்துவதுதான். ஆனால் கோலம் என்ற சொல்லுக்கு ஒப்பனை, உடை, தோற்றம் என்ற பொருள் பழையது, இன்றைக்கும் பேச்சில் உயிரோடு இருப்பது. மணக்கோலம் என்கிறோம், தவக்கோலம் என்கிறோம். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறார்; வேறு ஊர்களில் கிடந்த கோலம், இருந்த கோலம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நேற்றுச் சந்தனக்காப்பில் பார்த்த அம்மனை இன்று பட்டுப்புடவையில் பார்க்கிறோம். மாறியது கோலம், அம்மன் அதே அம்மன். ஒரு வலைப்பூவில் நடப்பது துல்லியமாக இதுதான்.

2003இல் டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைத் தொடங்கினார். பக்கத்தின் எழுத்தும் அதன் கட்டமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் ஒன்றே. நிறம், எழுத்துரு, இடம் எல்லாம் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பான நடைத்தாளை மட்டும் வேறு வேறு ஆட்கள் மாற்றி மாற்றி எழுதி அனுப்பினார்கள். ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான முகங்களோடு நின்றது. அதைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். அன்றைக்கே கோலம் என்ற சொல் என்னிடம் இருந்திருந்தால், நான் என்ன பார்த்தேன் என்று என் அம்மாவுக்கு ஒரே வரியில் சொல்லியிருப்பேன்.

இன்னொரு வசதியும் உண்டு. நடைத்தாள் கோப்பு சரியாக வந்து சேராத நேரத்தில் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? எழுத்தெல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், இணைப்புகள் நீலநிறத்தில் கோடிட்டு நிற்கும், படம் திரையைத் தாண்டி ஓடும். அலங்கோலம் என்று தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கண் கூசாத இருட்டுத் தோற்றத்துக்கு இரவுக்கோலம். கோலத்தை மாற்று, கோலத்தை நிறுவு என்று எந்த உருபும் இடறாமல் ஒட்டுகிறது.

இணையம் என்ற சொல்லை நமக்குத் தந்தவர் இந்த ஊரின் நா. கோவிந்தசாமி. அது பரவியதற்குக் காரணம், இணைப்பது என்ற வேலையை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அவர் ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துச் சொல் ஆக்கினார். இன்று நமக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை பொருளையே பார்க்காதவை. திரையில் வரும் சொற்களையும் தொடர்களையும் நிரலில் சரம் என்போம். ஒரு விரிதாளில் ஆயிரம் சரங்களை இட்டு அனுப்புகிறார்கள். எதிர்க்கட்டத்தில் தமிழ் நிரம்பி வருகிறது. திரை எப்படி இருக்கும், பட்டன் எங்கே இருக்கிறது என்று செய்தவர் ஒருமுறைகூடக் கண்டிருக்க மாட்டார். ‘ஹோம்’ என்பது ‘வீடு’ என்று வருகிறது. வீவக என்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை வாங்குவதும் விற்பதும் நாள்தோறும் பேச்சாக இருக்கும் ஊரில், ஒரு பலகாரக் கடையின் தளத்தில் ‘வீடு’ என்று இருந்தால் என்ன நினைப்பார்கள்? முகப்பு என்ற சொல் இருக்கும்போது இது ஏன்? ‘போஸ்ட்’ ஓர் இடத்தில் பதிவு, இன்னோர் இடத்தில் வெளியிடு. இரண்டும் ‘அஞ்சல்’ ஆகி வருகிறது.

எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பாளர் மேல் போட மாட்டேன். இந்தச் சரம் எந்த இடத்தில் வருகிறது என்று குறிப்பு எழுதி அனுப்ப வேர்ட்பிரஸ்ஸின் நிரலிலேயே வழி இருக்கிறது. பெயராக வரும் ‘போஸ்ட்’டையும் வினையாக வரும் ‘போஸ்ட்’டையும் அதை வைத்துப் பிரித்துக் காட்டலாம். நிரல் எழுதும் நாங்கள் சோம்பலில் அதை விட்டுவிடுகிறோம். ஆனாலும் சந்தேகம் வந்தால் திரையைக் காட்டு என்று கேட்கலாமே? என்னிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சொல்லுக்கு இத்தனை காசு என்று எண்ணித் தரும் வேலையில் கேட்பதற்கு நேரம் யார் தருகிறார்கள்?

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மொழிக்கோப்பைத் திறந்து கருப்பொருள் என்று இருந்த இடங்களில் கோலம் என்று மாற்றிச் சேமித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். “கோலத்தை மாற்று. இது புரியுது தம்பி” என்றார். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. ‘குழந்தைக் கோலம்’ என்று இருந்தது. ‘சைல்டு தீம்’ என்பதை நிறுவனம் ‘குழந்தைக் கருப்பொருள்’ என்று தந்திருந்தது. நான் பின்பாதியை மட்டும் மாற்றியிருந்தேன். இது என்ன என்று கேட்டார். ஒரு கோலத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் உள்ளதையெல்லாம் அப்படியே ஏற்று, நமக்கு வேண்டிய இடத்தை மட்டும் மாற்றி எழுதுவது. மூலக்கோலம் புதுப்பிக்கப்பட்டாலும் நம் மாற்றம் அழியாது என்று விளக்கினேன். சேய்க்கோலம் என்று வைக்கலாமா என்றும் கேட்டேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நன்னூலைச் சொன்னார்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.

முன்னோர் நூலின் முடிவை ஏற்று, பின்னவர் தமக்கு வேண்டிய மாற்றத்தைச் சொல்வது வழிநூல்.

“முதல்நூல், வழிநூல் மாதிரி இது முதற்கோலம், வழிக்கோலம். குழந்தை எங்கேருந்து வந்துச்சு?”

கோப்பில் அப்படியே மாற்றிவிட்டேன். போன வாரம் டீச்சர் தாமே கோலத்தை மாற்றியிருக்கிறார், பச்சை நிறத்தில். மேலே வேங்கைப் பூ படம் இருக்கிறது. பதிவுகள் எல்லாம் இருந்தபடி இருக்கின்றன, கருப்பொருள் என்ற பகுப்பின் கீழே.